திருகோணமலையில் ஒரு பகல்: கப்பலில் வந்திறங்குவோர் தாமே சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

சுற்றுலாக் கப்பலொன்று திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் நாளில், பயணிகளில் பெரும்பாலானோர் காலையிலேயே பேருந்துகளில் சிகிரியாவுக்கோ பொலநறுவைக்கோ அழைத்துச் செல்லப்படுகின்றனர். இரண்டும் நூறு கிலோமீற்றர் அளவிலோ அதற்கு மேலோ உள்ள இடங்கள். போகவும் திரும்பவும் மட்டுமே நான்கு மணித்தியாலங்களுக்குக் குறையாது. அவை காணத் தகுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பல் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரையே பாராமல் செல்வது பேரிழப்பு என்பது என் உறுதியான கருத்து. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய மலையும், மூன்று ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்ட கோட்டையும், உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தமிழ் தெரிந்தவருக்கு இந்நகரில் வழிகாட்டி கட்டாயமில்லை. நேரத்தைப் பங்கிடத் தெரிந்தால் போதும்.

நேரத்தைப் பங்கிடுவதற்கு இரண்டு கதவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, சம்பந்தர் பாடிய அந்த மலைமேலுள்ள, நண்பகலில் சாத்தப்படும் கோணேசர் கோயிலின் நடை. மற்றையது, மாலையில் மூடப்படும் கப்பலின் ஏறுபடி. இவ்விரண்டையும் வைத்து நாளை அமைத்தால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். கோயிலைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்து, முதலில் கடைவீதியிலும் கடற்கரையிலும் காலையைச் செலவிட்டவர்கள், வெயில் உச்சத்தில் சாத்திய கதவின் முன்னே நிற்க நேரும்.

கரையிறங்குவதற்கு முன்தினமே கப்பலின் வரவேற்புப் பிரிவில் சில செய்திகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். கப்பல் இறங்குதுறையில் கட்டப்படுமா, அல்லது நங்கூரமிட்டு நின்று சிறு படகுகளில் பயணிகளை இறக்குமா என்பது முதலாவது. படகில் இறக்கினால் நகருக்கு அண்மையில் கால் வைக்கலாம். சரக்குக் கப்பல்களுக்குரிய இறங்குதுறையில் கட்டினால் குடாவைச் சுற்றி நகருக்கு வர வாகனம் வேண்டும், அந்தப் பயண நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துறைமுக வாசல் வரை கப்பல் நிறுவனம் இலவசப் பேருந்து விடுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரண்டாவது, கப்பலின் மணிக்கூடு எந்த நாட்டு நேரத்தைக் காட்டுகிறது என்பது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒன்றே. ஆகவே சென்னையிலிருந்து வருவோருக்குச் சிக்கல் இல்லை. மலேசியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ மாலைதீவிலிருந்தோ வரும் கப்பல்கள் சில வேளைகளில் முந்தைய துறையின் நேரத்தையே வைத்திருக்கும்; உங்கள் தொலைபேசியோ கரைக்கு வந்ததும் உள்ளூர் நேரத்திற்குத் தானாக மாறிவிடும். ஆகையால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

கடவுச்சீட்டின் பிரதி, கப்பல் தரும் அடையாள அட்டை, இலங்கைக்கான நுழைவு அனுமதி தொடர்பான தாள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். இந்திய ரூபாயையும் டொலரையும் கோயில் வாசல் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ சிறிது பணத்தை மாற்றி, சிறிய தாள்களாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் வரும் நாள் பௌர்ணமியா என்று நாட்காட்டியில் பார்ப்பதும் பயன்படும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. அன்று வங்கிகள் மூடியிருக்கும், தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களால் கோட்டைப் பாதை நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமையானால் நண்பகல் தொழுகைக்காக முஸ்லிம் வணிகர்களின் கடைகள் சிறிது நேரம் அடைக்கப்படும்.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை இக்கரையில் பெய்யும், கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் குடையும் ஈரம் புகாத பையும் தேவை. சித்திரைக்குப் பின் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் வெப்பம் கடுமையானது. எந்தப் பருவமானாலும் தொப்பியும் தண்ணீரும் இன்றிக் கரையிறங்கக் கூடாது.

இந்தப் பயணத்தின் முதற்காட்சி கப்பலின் மேற்தளத்திலேயே கிடைக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. வடக்கேயிருந்தோ கிழக்கேயிருந்தோ வரும் கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது, முன்னோக்கி நிற்பவரின் வலப்பக்கத்தில் செங்குத்தான பாறையொன்று கடலிலிருந்து எழுவதைக் காணலாம். அதுவே சுவாமிமலை, உச்சியில் கோணேசர் கோயில். அதற்கப்பால் கொட்டியாரக் குடாவுக்குள் புகுந்து, மரங்கள் அடர்ந்த ஒஸ்டன்பர்க் முனையைச் சுற்றி வடக்கே திரும்பியதும், அலையே இல்லாத உட்துறைமுகம் விரியும். நெடுங்கடலின் எந்தச் சீற்றமும் எட்டாத இந்த ஆழமான நீர்ப்பரப்புக்காகவே ஒல்லாந்தரும் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வூரில் போரிட்டனர். அதைக் கண்ணால் கண்டுவிட்டு இறங்கினால், கோட்டையில் காணும் ஒவ்வொரு மதிலுக்கும் காரணம் விளங்கும். குடாவின் தென்கரையில் தெரியும் கொட்டியாரப் பகுதியில்தான் 1660ஆம் ஆண்டு ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாட்டினுள்ளே சிறையிருந்தார்.

துறைமுக வாசலைக் கடந்ததும் முச்சக்கர வண்டிகள் நிற்கும். புறப்படும் முன்னரே போகும் இடம், திரும்பும் நேரம், காத்திருப்பதற்கான கூலி மூன்றையும் சேர்த்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதற்கும் வண்டி பிடிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்; காலையில் கோட்டை வாசல் வரை ஒரு பயணமும், பிற்பகலில் விரும்பினால் நகருக்கு வெளியே ஒரு பயணமும் போதும். நகரின் நடுப்பகுதி ஒரு பக்கம் உட்துறைமுகத்துக்கும் மறுபக்கம் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். ஆகவே வழி தவறினாலும் எந்தத் திசையில் நடந்தாலும் விரைவில் நீரைக் கண்டுவிடலாம். முதியவர் ஒருவரை ஐயா என்றோ அம்மா என்றோ அழைத்து வழி கேட்டால், பெரும்பாலும் அடுத்த திருப்பம் வரை கூடவே வந்து காட்டிவிடுவார்கள்.

பிரெடெரிக் கோட்டை வாசலில் வண்டியை அனுப்பிவிட்டு நின்று பாருங்கள். அவசரத்தில் உள்ளே ஓடுவோர் இழப்பது இவ்விடத்தில்தான். வாயிற்கல்லில் இரட்டைக் கயல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது பாண்டியரின் இலச்சினை. அருகே, சிதைந்த நிலையில், தமிழ்ச் செய்யுள் ஒன்றின் எழுத்துகளும் உள்ளன. குளக்கோட்டன் என்ற மன்னன் முன்னே கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் பிரிப்பர் என்று கூறும் அந்தச் செய்யுளை இவ்வூரில் வயது வந்தோர் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தக் கற்கள் கோட்டைக்கென வெட்டப்பட்டவை அல்ல. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் கற்களையே கொண்டு இக்கோட்டையைக் கட்டினர். எனவே நீங்கள் நடந்து புகும் மதில் ஒருவகையில் பழைய கோயிலின் எஞ்சிய பகுதியே. 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் இதைக் கைப்பற்றினர். இடையே 1782இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தனர். இங்கிலாந்து மன்னரின் மகனான யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயர் கோட்டைக்கு 1803இல்தான் சூட்டப்பட்டது.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இயங்குகிறது. பொதுப் பாதையில் நடப்பதற்குத் தடையில்லை. ஆனால் முகாம் கட்டடங்களையும் காவல் நிலைகளையும் படமெடுக்கக் கூடாது, பாதையை விட்டு விலகவும் கூடாது. கமெரா பொருத்திய ஆளில்லா விமானத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வழியெங்கும் மர நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். அவற்றுக்குப் பிஸ்கட்டோ பழத்தோலோ கொடுக்க வேண்டாம் என்று மனதார வேண்டுகிறேன்; தின்பண்டத்தோடு பொலித்தீன் உறையையும் விழுங்கும் இந்த உயிர்களின் துன்பம் ஊராருக்குத் தெரிந்தது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1800இன் இறுதியில் தங்கியதாகச் சொல்லப்படும் இல்லமும் இக்கோட்டைக்குள்ளேயே உள்ளது.

வாசலிலிருந்து கோயில் வரை ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டிய, மெல்ல மேலேறும் பாதை. இருபுறமும் அர்ச்சனைப் பொருட்கள், கச்சான் கடலை, சங்கு, சிப்பி, விளையாட்டுச் சாமான் கடைகள். வாங்குவதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொண்டு, அர்ச்சனைத் தட்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலணிகளைக் கீழே விட்டுச் செல்ல வேண்டும். பத்து மணிக்குப் பின் தரைக் கற்கள் காலைச் சுடத் தொடங்கும் என்பதும் காலையிலேயே வர வேண்டியதற்கு ஒரு காரணம். ஆண்கள் உட்பிரகாரத்தில் மேற்சட்டையைக் களைவது வழக்கம், ஆகவே எளிதில் கழற்றக்கூடிய சட்டையும் நீள்காற்சட்டை அல்லது வேட்டியும் பொருத்தமானவை. பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். கடற்கரைக்கென உடுத்த உடையோடு வந்துவிட்டால் ஒரு நீள்துணியையாவது பையில் வைத்திருங்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.

ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. மன்னாரின் திருக்கேதீச்சரமும் இத்தலமும். இறைவன் கோணேசர், இறைவி மாதுமையாள். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று சம்பந்தர் பாடிய இடத்தில் நின்று, கீழே கடல் பாறையில் மோதும் ஒலியைக் கேட்கும்போது, அந்த அடி எவ்வளவு துல்லியமாக இடத்தைச் சொல்கிறது என்பது புரியும். இன்றைய கட்டடம் பழையதன்று. கோயில் இடிக்கப்பட்டபின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் வெறும் பாறைமேல் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். 1950இல் கோயிலுக்கு அண்மையில் நிலத்தைத் தோண்டியபோது, அழிவுக்கு அஞ்சி முன்னோர் புதைத்துவைத்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இவ்வரலாற்றை அறிந்து செல்பவருக்கு, கோயில் சிறியதாயிருக்கிறதே என்ற ஏமாற்றம் தோன்றாது. அது மீண்டும் எழுந்து நிற்பதே பெரிதாகத் தெரியும்.

வழிபாடு முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல், கோயிலைச் சுற்றியுள்ள பாறை விளிம்பில் கைப்பிடிச் சுவருக்குள் நின்று கடலைப் பாருங்கள். செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் இடைவெளிதான் இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டிற்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் என்பது கதை. அந்தக் கதையின் மீதிப் பாதி நகருக்கு வெளியேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இருக்கிறது. பங்குனி முதல் ஆவணி வரையான மாதங்களில் நீலத்திமிங்கிலங்கள் இக்கடலில் உலாவும். அமைதியான காலை வேளையில் அவை ஊதும் நீர்த்தாரையை இம்மலையிலிருந்தே கண்டவர்கள் உண்டு. பத்து நிமிடமாவது கண்ணைக் கடலில் பதித்து நில்லுங்கள். சுவரைத் தாண்டிப் பாறையில் இறங்கிப் படமெடுக்க மட்டும் முயல வேண்டாம். கீழே நேராகக் கடல்.

கோட்டையை விட்டு வெளியே வரும்போது பதினொரு மணியாகியிருக்கும். இனி வெயில் தணியும் வரை நிழலுள்ள இடங்களே தக்கவை. கோட்டைக்குத் தெற்கேயுள்ள டச்சுக் குடாக் கடற்கரையோரமாகச் சிறிது நடந்தால், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடமொன்றில் இயங்கும் கடல்சார் அருங்காட்சியகத்தை அடையலாம். துறைமுகத்தின் வரலாறு அங்கே ஒழுங்காகக் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது. தடித்த சுவர்களும் அகன்ற விறாந்தையும் வெப்பத்துக்கு ஆறுதல். அருகிலுள்ள பழைய புனித ஸ்தேவான் மயானத்தில், எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பியும் பிரித்தானியக் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாப் போரின்போது இறந்தவர் அவர். ஆங்கில இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் தேடிச் சென்று பார்க்கலாம், மற்றவர்கள் கடந்து செல்லலாம். நகருக்குள் திரும்பும் வழியில் பத்திரகாளி அம்மன் கோயிலின் வண்ணச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்தை நின்று பார்ப்பது தவறக்கூடாதது.

மதிய உணவுக்குக் கப்பலுக்குத் திரும்புவது நேர விரயம். மணிக்கூட்டுக் கோபுரம், பஸ் நிலையம், சந்தை ஆகியவற்றைச் சுற்றிய வீதிகளில் சைவக் கடைகளும் மீன்கறிச் சாப்பாட்டுக் கடைகளும் உள்ளன. சோற்றோடு பருப்பு, இரண்டு மரக்கறி, சம்பல், சொதி, அப்பளம் வைத்துத் தரும் எளிய சாப்பாடே சிறந்தது. கடலுணவு உண்பவர்கள், அன்று காலை வந்தது நண்டா கணவாயா இறாலா என்று கேட்டுச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் இங்குள்ள கறித்தூளின் காரத்தை முதல் வாயிலேயே அறிவார்கள். இறுதியில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கிடைத்தால் விட வேண்டாம். குடிநீரைப் போத்தலில் வாங்குங்கள். வழியில் செவ்விளநீர் அதைவிட நன்று.

பிற்பகலுக்கு ஒரே ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். என் தெரிவு கன்னியா. அனுராதபுர வீதியில் நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவில், அருகருகே அமைந்த ஏழு சிறிய சதுரக் கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. ஒவ்வொன்றின் வெம்மையும் வேறு. இறந்த தாய்க்கு இறுதிக் கடன் செய்ய இராவணன் ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தி நீர் வரவழைத்தான் என்பது மரபு. இன்றும் பெற்றோருக்குக் கடன் கழிக்க வரும் தமிழர்களை அங்கே காணலாம். அவர்கள் அருகே சத்தமின்றி நடந்துகொள்ளுங்கள், படமெடுக்க வேண்டாம். நீந்தும் குளம் என்று எண்ணி வருவோருக்கு அது ஏமாற்றமாகும். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதே முறை, ஆகவே மாற்றுடையும் துவாயும் எடுத்துச் செல்ல வேண்டும். நுழைவுச் சீட்டு உண்டு. வந்த வண்டியைக் காத்திருக்கச் சொல்லி, அதிலேயே திரும்புங்கள்.

கல்வெட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, நேரம் மிஞ்சினால், அங்கிருந்து மேலும் உள்ளே பெரியகுளத்தின் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரையைச் சொல்வேன். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு விளங்கிய பௌத்தப் பள்ளி அது. தமிழில் எழுதப்பட்ட தானக் கல்வெட்டுகள் அங்கு கிடைத்துள்ளன. தமிழ்ப் பௌத்தத்தின் தடத்தை நிலத்திலேயே காண விரும்புவோருக்கு இதற்கு நிகரான இடங்கள் குறைவு. ஆயினும் கப்பல் ஐந்து மணிக்குள் புறப்படுமானால் இதை விட்டுவிடுங்கள்.

போர் வரலாற்றை நாடுபவர்கள் கன்னியாவுக்குப் பதிலாக நிலாவெளி வீதியிலுள்ள பொதுநலவாய யுத்த மயானத்திற்குச் செல்லலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவின் காட்டுக்குள் நிற்கும் பெரும் எண்ணெய்த் தாங்கிகள் அக்காலத்துக் கடற்படைக்காக அமைக்கப்பட்டவை.

புறாத்தீவையும் நிலாவெளிக் கடற்குளியலையும் இந்த நாளில் சேர்க்க வேண்டாம். படகுக்குக் காத்திருப்பதிலும் நுழைவுச் சீட்டு எடுப்பதிலும் நேரம் போவதோடு, காற்று மாறினால் படகு திரும்புவதும் தாமதமாகும். அது ஊரில் தங்குவோருக்கான இடம்.

கப்பலேறும் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே துறைமுக வாசலை அடையும்படி திட்டமிடுங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனையும், உள்ளே பேருந்துக்கோ படகுக்கோ வரிசையும் இருக்கும். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்துப் பயணிகள் தாமதித்தால் கப்பல் காத்திருப்பது வழக்கம். தனியே சென்றவருக்காகக் காத்திருக்காது. ஆகையால் கப்பலின் உள்ளூர் முகவரது தொலைபேசி இலக்கத்தை, காலையில் தரப்படும் தாளிலிருந்து எழுதிக்கொண்டே இறங்குங்கள். வண்டி பழுதானாலோ உடல்நலம் குன்றினாலோ முதல் அழைப்பு அவருக்கே போக வேண்டும். கப்பலைத் தவறவிட்டவர் போய்ச் சேர வேண்டிய அடுத்த துறை காங்கேசன்துறையானால் தரைவழியில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல், அம்பாந்தோட்டையானால் அதைவிடத் தொலைவு என்பதை நினைவில் கொண்டு, வங்கி அட்டையையும் அன்றைக்குத் தேவையான மருந்தையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.